ஆடிட்டர் அலுவலகத்தில் எல்லாம் ஒருவர் தலையிலேயே இருந்தால், அதை எழுதிவைத்துப் பிரித்துக்கொடுப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது: ஆறேழு பேர் உள்ள ஆடிட்டர் அலுவலகம். மாதாமாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது எல்லா ஜிஎஸ்டி கணக்கும் ஆடிட்டரின் மேஜையில் வந்து தேங்குகிறது. புதிய வாடிக்கையாளர்களை எடுக்க முடியவில்லை. தெரிந்ததை எழுதிவைத்தால் தீருமா?

தீரும். ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் எழுதத் தேவையில்லாததைத்தான் எழுதுகிறார்கள். எந்த மெனு, எந்தப் பட்டன் என்று போர்ட்டலைப் படம் பிடித்து முப்பது பக்கம் சேர்ப்பார்கள். போர்ட்டலின் முகப்பு மாறியதும் அது பயனற்றுப்போகும். அந்த வேலையைப் புதிதாக வந்தவர் இரண்டு மாதத்தில் தானே கற்றுக்கொள்வார். எழுத வேண்டியது, ஒரு பில்லைப் பார்த்ததும் ஆடிட்டர் எங்கே நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்பதை.

மாத வரியைச் சுருக்கிக் காட்டிக் கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யை எடுத்துக்கொள்வோம். தாக்கல் செய்த பிறகு அதைத் திருத்த முடியாது. பிழையை அடுத்த மாதங்களின் ரிட்டர்னில்தான் சரிசெய்ய வேண்டும், வரி குறைவாகக் கட்டியிருந்தால் 18% வட்டியும் சேரும். 14ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து போர்ட்டலே தரும் பட்டியல்) வந்துவிடும், மாதாந்திரத் தாக்கல் 20ஆம் தேதிக்குள். புதியவர் 2பி-யையும் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் எக்செல்லில் ஒப்பிட்டு, பொருந்திய எல்லாவற்றுக்கும் ஐடிசி (வாங்கும்போது கொடுத்த வரிக்கான கழிவு) எடுத்துவிடுவார். அவர் தவறவிடுவது பெரும்பாலும் பின்வரும் இடங்களில்தான்.

வாகனப் பழுது பில். 2பி அதை ஐடிசி கிடைக்கும் என்றே காட்டும், எவற்றுக்கு ஐடிசி கிடையாது என்று சொல்லும் ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5)-ஐ அது பார்ப்பதில்லை. லாரி பழுதுக்கு எடுக்கலாம். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் காருக்கு எடுக்கக்கூடாது, 3பி-யின் 4(பி)(1)-இல் ரிவர்ஸ் செய்ய (எடுத்ததைத் திருப்பிக் கழிக்க) வேண்டும். வாகனம் விற்பவர், பயணிகள் போக்குவரத்து நடத்துபவர், டிரைவிங் ஸ்கூல் ஆகியோருக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே ஆவணத்தில் “வாகனச் செலவு லெட்ஜரைத் திற, பில்லில் வண்டி எண்ணைப் பார், அது சரக்கு வண்டியா காரா என்று வாடிக்கையாளர் தாளில் சரிபார்” என்று இருக்க வேண்டும். “தடை செய்யப்பட்ட ஐடிசியைக் கவனி” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது.

அடுத்தது 2பி-யில் வராமலே போவது. ஜிஎஸ்டி பதிவு பெறாத ஒருவரிடமிருந்து குடோனையோ கடையையோ வாடகைக்கு எடுத்திருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கு 18% வரியைப் பதிவு பெற்ற வாடகைதாரரே ஆர்சிஎம் முறையில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்குபவரே செலுத்தும் முறையில், கட்ட வேண்டும் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் வாடிக்கையாளருக்கு இப்போது இது பொருந்தாது). 2பி-யிலிருந்து வேலையைத் தொடங்குபவர் கண்ணில் இது படவே படாது. கணக்கு மென்பொருளான டேலியில் வாடகை லெட்ஜரைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். ஆர்சிஎம் வரியை ஐடிசியில் கழிக்க முடியாது, போர்ட்டலில் பணம் போட்டுவைக்கும் கேஷ் லெட்ஜரிலிருந்துதான் கட்ட வேண்டும். 3பி-யின் 3.1(டி)-இல் காட்டி, தகுதியிருந்தால் அதே மாதம் 4(ஏ)(3)-இல் ஐடிசி எடுக்கலாம். வாடிக்கையாளர் தனக்குத்தானே 30 நாளுக்குள் பில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் ஆவணத்தில் அந்தக் குறிப்புக்குக் கீழேயே எழுதுங்கள், வேறு பக்கத்தில் இருந்தால் விட்டுப்போகும். லாரி வாடகைக்கும் இதே கவனம் தேவை: பில்லில் டிரான்ஸ்போர்ட்காரரே வரி போட்டிருந்தால் ஆர்சிஎம் இல்லை.

பிறகு 180 நாள் விதி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் போகாவிட்டால் அந்த ஐடிசியை 4(பி)(2)-இல் ரிவர்ஸ் செய்து, பணம் கொடுத்த பிறகு மீண்டும் எடுக்க வேண்டும். இதற்கு டேலியின் நிலுவைப் பட்டியல் தேவை. சப்ளையர் லெட்ஜர்களில் பில்வாரிக் கணக்கு ஆன் செய்யப்படாமலோ, பணம் கொடுத்ததெல்லாம் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று, எந்த பில்லுக்கு என்று குறிக்காமல், போடப்பட்டோ இருந்தால் அந்தப் பட்டியலை நம்ப முடியாது. இதைச் சொல்லாமல் “ஏஜிங் (எத்தனை நாள் நிலுவை) பார்” என்று மட்டும் எழுதினால், இளையவர் தவறான பட்டியலை நம்பிக்கையோடு கொண்டுவருவார்.

ஒவ்வொரு விதியின் கீழும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் தெரிந்தவர் புதுவிதமான பில் வந்தாலும் யோசிப்பார், தெரியாதவர் அதையும் பழைய பில் மாதிரியே போட்டுவிடுவார்.

அதைவிட முக்கியமானது நிறுத்தக் கோடு: எந்த நிலையில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்பது. உதாரணமாக, 2பி-க்கும் புத்தகத்துக்கும் உள்ள ஐடிசி வித்தியாசம் ₹5,000-ஐத் தாண்டினால், இதுவரை வராத வகைச் செலவு வந்தால், முந்தைய நிதியாண்டு பில்லுக்கு ஐடிசி எடுக்க வேண்டியிருந்தால் (நவம்பர் 30 வரையோ, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் வரையோ, எது முந்தியோ அதுவரைதான்) நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். தொகையை உங்கள் வாடிக்கையாளர்களின் அளவுக்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடு இல்லையென்றால் பயந்தவர் எல்லாவற்றையும் கேட்பார், துணிந்தவர் எதையும் கேட்க மாட்டார். இரண்டிலும் உங்கள் நேரம்தான் போகும்.

வேலைக்கான ஆவணமும் வாடிக்கையாளர் தாளும் தனித்தனியாக இருக்கட்டும். “இவருக்கு இரண்டு லாரி, ஒரு கார், குடோன் உரிமையாளருக்கு ஜிஎஸ்டி எண் இல்லை, ஓடிபி மகனின் செல்லுக்குப் போகும், காலை பத்துக்கு மேல்தான் எடுப்பார்” போன்றவை வாடிக்கையாளர் தாளில் வர வேண்டும். இரண்டையும் கலந்தால் நாற்பது வாடிக்கையாளருக்கு நாற்பது ஆவணமாகிவிடும், ஒரு விதி மாறினால் நாற்பதையும் திருத்த வேண்டும். பாஸ்வேர்டுகளை இரண்டிலும் எழுதக்கூடாது, பாஸ்வேர்டு மேனேஜரில் வையுங்கள்.

யார் எழுதுவது? ஆடிட்டர் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு நேரம் கிடைக்காது, கிடைத்தாலும் தனக்கு வெளிப்படையாகத் தெரிவதையெல்லாம் விட்டுவிடுவார். அவர் ஒரு 3பி-யைச் செய்யும்போது திரையைப் பதிவுசெய்து, நிற்கும் இடத்திலெல்லாம் ஏன் நிற்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். இளையவர் ஒருவர் அதைக் கேட்டு இரண்டு பக்கத்துக்குள் எழுதட்டும். ஆடிட்டர் திருத்தட்டும். அடுத்த மாதம் அந்த வேலையை அதுவரை செய்யாத மூன்றாமவர் அந்தத் தாளை மட்டும் வைத்துச் செய்யட்டும். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் பதில் சொல்லாதீர்கள். அவர் தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டு தாளைத் திருத்துங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாத ஆவணத்தை நம்பி வேலையைக் கொடுக்காதீர்கள்.

சி.ஏ. மாணவர்களின் அலுவலகப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் புதிய திட்டத்தில் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்துவிட்டதால் இது இன்னும் அவசரமாகிறது. பழகிய மாணவர் முன்பைவிட ஓராண்டு முன்னதாகவே போய்விடுகிறார்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். இரண்டு வாரம் உங்களிடம் வரும் கேள்விகளையெல்லாம் ஒரு தாளில் குறியுங்கள், அதிகம் வந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். பொதுவாக 3பி, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்), டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி), வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு ஆகியவையே முதலில் வரும். நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது கடைசியில் வரட்டும். வாட்ஸ்அப்பில் கேள்வி வந்தால் பதிலை முதலில் ஆவணத்தில் சேர்த்துவிட்டு, அந்த இணைப்பை அனுப்புங்கள்.

சரிபார்ப்பில் கண்ட பிழைகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும்: தேதி, வாடிக்கையாளர், பிழை, ஏன் கண்ணில் படவில்லை, ஆவணத்தில் எந்த வரி மாறியது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பிழை திரும்ப வரும். முதல் மூன்று மாதம் எல்லாக் கணக்கையும் முழுதாகப் பாருங்கள். பிறகு நிறுத்தக் கோட்டில் நின்றவற்றையும், மற்றவற்றில் சிலவற்றையும் மட்டும் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு ஆவணத்தின் தலைப்பிலும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததில் 194சி, 194ஜே என்று எண்ணை வைத்துப் பேசிப் பழகிய டிடிஎஸ் பிரிவுகள் 393-ஆம் பிரிவின் அட்டவணைகளுக்குள் போய்விட்டன. “காண்ட்ராக்டருக்குக் கொடுத்த பணம்”, “தொழில்முறைக் கட்டணம்” என்று பணத்தின் தன்மையை வைத்து எழுதிய ஆவணத்தில் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

கையெழுத்தைப் பிரித்துக்கொடுக்க முடியாது. தணிக்கை அறிக்கை, சான்றிதழ், அவற்றுக்கான அடையாள எண்ணான யுடிஐஎன் (கையெழுத்திட்ட 60 நாளுக்குள்) எல்லாம் கையெழுத்திடும் ஆடிட்டரின் பொறுப்பு. டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனையும் பின் எண்ணையும் அலுவலக டிராயரில் சேர்த்து வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வேலையைப் பிரிக்கத் தொடங்கும் நாளிலேயே அதை நிறுத்திவிடுங்கள்.