இருக்கைக்குக் கட்சி உண்டா?

மக்களவைத் தலைவர் பதவியின் வரலாறு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): அவையில் எல்லாரும் பேச, இவர் மட்டும் பெரும்பாலும் பேசாமல் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் போய் 'ஸ்பீக்கர்' என்று எப்படிப் பெயர் வந்தது?

பதில்: அவையின் சார்பில் மன்னரிடம் சென்று பேசியவர் என்பதால் வந்த பெயர் அது. இங்கிலாந்தில் 1377-இல் தாமஸ் ஹங்கர்ஃபோர்டு என்பவர் அந்தப் பட்டத்துடன் குறிக்கப்படுகிறார். வரியைக் கூட்ட மாட்டோம், இன்ன அமைச்சரை நீக்குங்கள் என்பது போன்ற கசப்பான செய்திகளை மன்னரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய வேலை அது. அதில் சிலர் தலையையே இழந்தார்கள். 1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் மன்னர் படைவீரர்களோடு வந்து, ஐந்து உறுப்பினர்கள் எங்கே என்று கேட்டபோது, வில்லியம் லென்தால் என்ற ஸ்பீக்கர் மண்டியிட்டு, இந்த அவை பணிப்பதைத் தவிர வேறெதையும் காணக் கண்ணோ பேச நாவோ தமக்கு இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். பணிவான சொற்களில் மன்னருக்கு மறுப்புச் சொன்ன அந்த நாளிலிருந்து, அவர் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு 'அவையின் ஆள்' என்பதே சரியான விடையாக இருந்து வருகிறது. நம் நாளிதழ்கள் எழுதும் 'சபாநாயகர்' என்ற சொல்லிலோ, சட்டமன்றத்தில் 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே' என்று விளிப்பதிலோ இந்தப் பழைய பொருள் இல்லை. அந்தச் சொற்கள் நாயகத்தன்மையைச் சொல்கின்றனவே ஒழிய, தூது போன கதையைச் சொல்லவில்லை.

கேள்வி (மதுரை வாசகி): மாவலங்கரை முதல் சபாநாயகர் என்கிறார்கள், சிலர் விட்டல்பாய் படேல் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி, அவரவர் எண்ணத் தொடங்கும் இடம் வேறு. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்திய சட்டசபை 1921-இல் கூடியபோது, அதன் தலைவராகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த சர் ஃபிரெடரிக் வைட் நான்கு ஆண்டுகளுக்கு நியமிக்கப்பட்டார். அவருடைய காலம் முடிந்ததும், 1925 ஆகஸ்டில், உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் தலைவர் சுயராஜ்யக் கட்சியின் விட்டல்பாய் படேல். வல்லபாய் படேலின் அண்ணன். 58-க்கு 56 என்று இரண்டே வாக்குகளில் வென்றவர், 1927-இல் போட்டியின்றி மறுபடியும் தேர்வானார்.

அந்தக் காலத்தில் பதவியின் பெயர் 'பிரசிடெண்ட்'. பெயர் எதுவானாலும், இருக்கை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்தியாவில் முதல் இலக்கணம் எழுதியவர் விட்டல்பாய்தான் என்பது என் கருத்து. 1928 செப்டம்பரில், வெளிநாட்டுக் கம்யூனிஸ்டுகளை நாடு கடத்த அரசு கொண்டுவந்த பொதுப் பாதுகாப்பு மசோதாவை விவாதத்துக்கு எடுப்பதா என்ற வாக்கெடுப்பில் இரு தரப்புக்கும் 61 வாக்குகள் விழுந்தன. தீர்மானிக்கும் வாக்கு தலைவருடையது, அதை அவர் மசோதாவுக்கு எதிராக அளித்தார். அரசு விடவில்லை, அடுத்த ஆண்டு மசோதாவை மறுபடியும் கொண்டுவந்தது. அதற்குள் 1929 மார்ச்சில், கம்யூனிஸ்ட் சதி என்று அரசு தொடுத்த மீரட் சதி வழக்கில் தொழிற்சங்கத் தலைவர்கள் கைது செய்யப்பட்டிருந்ததால், நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தைத் தொடாமல் இந்த மசோதாவை விவாதிக்க முடியாது என்றும், மசோதாவையோ வழக்கையோ இரண்டில் ஒன்றை அரசு கைவிட வேண்டும் என்றும் விட்டல்பாய் கூறினார்.

ஏப்ரல் 8 அன்று, தொழில் தகராறு மசோதாவின் மீதான வாக்கெடுப்பு முடிந்து, பாதுகாப்பு மசோதா பற்றிய தம் தீர்ப்பைச் சொல்ல அவர் எழுந்த வேளையில்தான், பார்வையாளர் மாடத்திலிருந்து பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் குண்டுகளை வீசினார்கள். அவை புகையால் நிறைந்தது, மாடத்திலிருந்து துண்டுப் பிரசுரங்கள் பறந்து விழுந்தன. பள்ளிப் பாடங்கள் இந்தக் காட்சியோடு நின்றுவிடுகின்றன. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, அதே விட்டல்பாய் அதே இருக்கையில் அமர்ந்து, மசோதாவை விவாதிக்க அனுமதிக்க முடியாது என்ற தீர்ப்பைச் சொன்னார். குண்டு வீச்சைக் காரணம் காட்டி அரசின் பக்கம் சாய்வதற்கு வேண்டிய சாக்கு எல்லாம் அவருக்கு இருந்தது, அவர் சாயவில்லை. மசோதாவை அவையில் நிறைவேற்ற முடியாத வைஸ்ராய் இர்வின், அதையே அவசரச் சட்டமாகப் பிறப்பித்தார்.

அவைக்குள் காவல் யார் பொறுப்பு என்ற தகராறும் அந்தக் குண்டு வீச்சைத் தொட்டே எழுந்தது. அரசின் போலீஸ் அல்ல, தலைவரின் கட்டுப்பாட்டில் உள்ள காவலர்களே இருக்க வேண்டும் என்று விட்டல்பாய் பிடிவாதமாக நின்று பெற்றார். பின்னாளில் 'குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியேற்றினர்' என்று நாம் செய்தியில் படிக்கும் அவைக் காவலர்களின் பூர்வீகம் இதுவே. அவையின் செயலகம் அரசுத் துறையிலிருந்து பிரிந்து தனித்துறையானதும் 1929-இல், அவர் காலத்தில்தான். அடுத்த ஆண்டு அவர் பதவி விலகினார்.

மாவலங்கர் 1946 ஜனவரியில் அதே மத்திய சட்டசபையின் தலைவராக 66-க்கு 63 என்ற கணக்கில் வந்தார். சுதந்திரத்துக்குப் பின், 1947 நவம்பரில் அரசியல் நிர்ணய சபை சட்டமியற்றும் அவையாகக் கூடியபோது 'ஸ்பீக்கர்' என்ற பெயரைப் பெற்றார். 1952 மே 15 அன்று, 394-க்கு 55 என்ற வாக்குகளில் முதல் மக்களவையின் தலைவரானார்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): தமிழ்நாட்டிலிருந்து யாரும் அந்த இருக்கையில் அமர்ந்ததே இல்லையா?

பதில்: உங்கள் ஊர்க்காரரே அமர்ந்திருக்கிறார். கோவையின் ஆர். கே. சண்முகம் செட்டியார் 1933 மார்ச்சிலிருந்து 1934 இறுதிவரை மத்திய சட்டசபையின் தலைவர். 1934 தேர்தலில் தோற்று, கொச்சி சமஸ்தானத்தின் திவானாகச் சென்று, பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். நிதியமைச்சர் என்ற அடையாளம் அவருடைய பழைய பதவியை மறைத்துவிட்டது.

மேலே சொன்ன இரண்டு வாக்கு வித்தியாசத்துக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. 1925-இல் விட்டல்பாயிடம் தோற்றவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். திரைப்பட வரலாறு படித்தவர்கள் அவரை 1927-28 சினிமா விசாரணைக் குழுவின் தலைவராக அறிந்திருப்பார்கள்.

மக்களவையின் இரண்டாவது தலைவர் அனந்தசயனம் அய்யங்கார் திருச்சானூரில் பிறந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். 1952-இல் அவர் திருப்பதியிலிருந்து வென்றபோது அந்தத் தொகுதி சென்னை மாநிலத்தில் இருந்தது. 1956-இல் மாவலங்கர் பதவியிலேயே மறைந்து, இவர் தலைவரானபோது அது ஆந்திராவுக்குப் போய்விட்டிருந்தது. எனவே அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். துணைத் தலைவர் பதவியில் குழப்பம் இல்லை: தி.மு.க.வின் ஜி. லட்சுமணன் 1980-84-லும், அ.தி.மு.க.வின் மு. தம்பிதுரை 1985-89, 2014-19 என இரு முறையும் இருந்திருக்கிறார்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): சபாநாயகர் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தால் யார் அவையை நடத்துவது? அப்படி நடந்தது உண்டா?

பதில்: அரசியல் சாசனத்தின் 96-ஆவது பிரிவுப்படி, தம்மை நீக்கும் தீர்மானம் விவாதிக்கப்படும்போது தலைவர் அவையை நடத்தக் கூடாது, ஆனால் பேசலாம், வாக்களிக்கலாம். மற்ற நாட்களில் வாக்குகள் சமமானால் மட்டுமே வாக்களிக்கும் உரிமை உள்ளவர், அன்று ஒருநாள் சாதாரண உறுப்பினரைப் போல முதல் சுற்றிலேயே வாக்களிக்கலாம்.

முதலில் நடந்தது 1954 டிசம்பர் 18 அன்று, மாவலங்கருக்கு எதிராக. துணைத் தலைவர் அனந்தசயனம் அய்யங்கார் அவையை நடத்தினார். பிரதமர் நேரு தீர்மானத்தைக் கடுமையாக எதிர்த்துப் பேசியபோதும், தம் கட்சி உறுப்பினர்களுக்குக் கொறடாவின் கட்டளை ஏதுமில்லை, மனம்போல் வாக்களிக்கலாம் என்றார். தீர்மானம் தோற்றது. 1966-இல் ஹுக்கம் சிங்குக்கு எதிராக மது லிமாயே முயன்றார். தேவையான 50 பேர் எழுந்து நிற்காததால் அது விவாதத்துக்கே வரவில்லை. 1987-இல் பல்ராம் ஜாக்கருக்கு எதிரான தீர்மானம் விவாதிக்கப்பட்டுத் தோற்றது. அதைக் கொண்டுவந்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் சோம்நாத் சட்டர்ஜி.

அதே சட்டர்ஜி 2004-இல் அந்த இருக்கைக்கு வந்தார். 2008 ஜூலையில், அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து, அரசுக்கு அளித்துவந்த ஆதரவை அவர் கட்சி விலக்கிக்கொண்டு, அவரும் விலக வேண்டும் என்று எதிர்பார்த்தபோது, இருக்கைக்குக் கட்சி இல்லை என்று சொல்லி, நம்பிக்கை வாக்கெடுப்பைத் தாமே நடத்தினார். 275-க்கு 256 என்று அரசு பிழைத்தது. மறுநாளே கட்சி அவரை நீக்கியது.

அவர் செய்தது சரியா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சரி, ஆனால் காலம் கடந்த சரி. பிரிட்டனில் ஸ்பீக்கராகத் தேர்வானவர் அன்றே கட்சியை விட்டு விலகிவிடுவார். இங்கே 1967-இல் நீலம் சஞ்சீவ ரெட்டி அப்படிச் செய்தார். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும், அவைத் தலைவராகத் தேர்வானவர் கட்சியை விட்டு விலகினால் பதவி பறிபோகாது என்று விலக்கு அளித்திருக்கிறது. தாவியவர்களின் தகுதி நீக்கத்தை முடிவு செய்வதும் அதே சட்டப்படி அவைத் தலைவர்தான் என்பதால், இந்த விலகலுக்கு முன்பைவிட இப்போதே அவசியம் அதிகம். கதவு திறந்திருக்கிறது, அதன் வழியே போகும் வழக்கம்தான் வேரூன்றவில்லை.

கேள்வி (சேலம் வாசகி): 1999-இல் வாஜ்பாய் அரசு ஒரு வாக்கில் கவிழ்ந்தபோது சபாநாயகர் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்கிறார் என் கணவர். உண்மையா?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. ஒடிசா முதலமைச்சராகிவிட்ட கிரிதர் கமாங், மக்களவை உறுப்பினர் பதவியை விடாமல் ஏப்ரல் 17 அன்று வாக்களிக்க வந்திருந்தார். அவர் வாக்களிக்கலாமா என்ற ஆட்சேபம் எழுந்தபோது, தலைவர் ஜி.எம்.சி. பாலயோகி அதை கமாங்கின் மனசாட்சிக்கே விட்டார். கமாங் எதிராக வாக்களித்தார், 269-க்கு 270. பாலயோகி, அரசை வெளியிலிருந்து ஆதரித்த தெலுங்கு தேசம் கட்சிக்காரர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உறுப்பினராக நீடிப்பவரின் வாக்கைத் தடுக்க விதி இடம் தரவில்லை என்பதே என் எண்ணம். பாலயோகி 2002 மார்ச்சில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): சபாநாயகர் பதவி விலகினால் கடிதத்தை யாரிடம் கொடுப்பார்? குடியரசுத் தலைவரிடமா?

பதில்: இல்லை. 94-ஆவது பிரிவுப்படி தலைவர் தம் கடிதத்தைத் துணைத் தலைவருக்கும், துணைத் தலைவர் தலைவருக்கும் எழுத வேண்டும். அவையின் விவகாரம் அவைக்குள்ளேயே முடிய வேண்டும் என்பது இதன் கருத்து. சஞ்சீவ ரெட்டி 1969-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க விலகி, தோற்று, 1977-இல் மறுபடியும் மக்களவைத் தலைவராகி, சில மாதங்களில் மறுபடியும் விலகி, இம்முறை போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். இரண்டு முறையும் ராஜினாமா போன வழி இதுதான். 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவையில் துணைத் தலைவரே தேர்ந்தெடுக்கப்படவில்லை. அந்த ஐந்தாண்டுகளில் தலைவர் விலக விரும்பியிருந்தால், கடிதத்தின் உறையில் யார் பெயரை எழுதியிருப்பார் என்பது எனக்கும் விளங்கவில்லை.