கோயில் உத்தரத்தில் ஹெலிகாப்டரா?

கேள்வி: எகிப்துக் கோயில் ஒன்றின் உத்தரத்தில் ஹெலிகாப்டர் செதுக்கியிருப்பதாக ஒரு காணொளியில் காட்டினார்கள். கடலில் மூழ்கியதாகக் கதை சொல்லும் அட்லாண்டிஸ் தீவு போல, அழிந்துபோன நாகரிகத்தின் அடையாளம் என்றார்கள். இன்னொரு காணொளி அதே படத்தைக் காட்டி, வேற்றுக்கிரகவாசிகள் வந்ததற்குச் சாட்சி என்கிறது. நானே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரே படம் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிறதே, அதுவே முதலில் உறுத்த வேண்டும். 'அந்தக் காலத்து மனிதரால் இது முடியாது' என்றுதான் இருவருமே தொடங்குகிறார்கள். பிறகு ஒருவர் கடலுக்கடியில் தேடுகிறார், மற்றவர் வானத்தில். நீங்கள் அந்தத் தொடக்க வரியைச் சோதியுங்கள்.

நீங்கள் பார்த்தது அபிடோஸ் என்ற ஊரில் உள்ள எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் கோயில், கி.மு. 13ஆம் நூற்றாண்டு. அங்கே முதலில் சேத்தியின் பட்டப்பெயரைச் செதுக்கினார்கள்: 'ஒன்பது விற்களை விரட்டுபவர்'. ஒன்பது வில் என்றால் எகிப்தின் பகைவர்கள். மகன் இரண்டாம் ராமேசஸ் காலத்தில் அந்தக் குழிகளைச் சுதை வைத்து அடைத்து, அதன் மேலேயே 'எகிப்தைக் காப்பவர்' என்ற அவருடைய பட்டத்தைச் செதுக்கினார்கள். நாளடைவில் சுதை உதிர, இரண்டு எழுத்தும் பின்னிக்கொண்டு தெரிகின்றன. சரியாக அழிக்காத சிலேட்டில் எழுதியது போலத்தான். இதே பட்டங்கள் மற்ற இடங்களில் தனித்தனியாக வருகின்றன. அங்கே ஹெலிகாப்டர் இல்லை.

ஆகவே ஓரம் வெட்டாத முழுப் படத்தைத் தேடிப் பாருங்கள். அது எந்தப் பக்கம் மேலாக வைக்கப்பட்டது என்றும் பாருங்கள். 683இல் இறந்த மாயா மன்னர் பாகாலின் கல்லறை மூடியைப் படுக்கவைத்தால் ராக்கெட் ஓட்டுபவர் போலிருக்கும். நிமிர்த்தினால் மாயா மக்களின் நம்பிக்கையில் வரும் உலக மரமும் அதன் உச்சியில் ஒரு பறவையும். அடுத்து, எந்தக் கல் என்று கேளுங்கள். பொலிவியாவில் பூமா புங்கு என்ற பழைய இடிபாட்டின் கற்களை, அந்தக் காலத்தில் வெட்டவே முடியாத கிரானைட் என்று அடித்துச் சொல்வார்கள். அவை மணற்கல்லும் ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையும்.

பறக்கும் தட்டு ஆய்வையே கேலி செய்ய நான் தயாரில்லை. 1947 முதல் 1969 வரை வந்த 12,618 தகவல்களை அமெரிக்க விமானப்படை புளூ புக் திட்டத்தில் தொகுத்தது. 701 மட்டும் அடையாளம் காணப்படாமல் நின்றன. கோப்பில் அவற்றை அப்படியே 'அடையாளம் தெரியாதவை' என்று எழுதி வைத்தார்கள். உங்கள் காணொளிக்காரர்கள் அந்த அளவுக்காவது நின்றிருக்கலாம்.