வலி காலில், கோளாறு இடுப்பில்

இடுப்பில் நரம்பு அழுத்தப்பட்டுக் காலில் வலிக்கும் சியாட்டிகா பற்றி வந்த வாசகர் கடிதங்களுக்கு, ஈரோட்டில் 22 ஆண்டுகளாக நோயாளிகளைக் கவனித்துவரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். வயது 41. இரண்டு மாதமாக வலது பிட்டத்தில் பிடித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்தது போல் இழுக்கிறது. பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. டாக்டர், 'ஜவ்வு விலகியிருக்கிறது, சியாட்டிகா' என்றார். கால் விழுந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பலகையில் படுத்தே இருக்க வேண்டுமா மேடம்?
*வாசகி, திருப்பூர்*

சகோதரி, சுண்டுவிரல் வரை என்று எழுதினீர்களே, அது எனக்கு நிறையச் சொல்லிவிட்டது. நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு இந்த சியாட்டிக் நரம்புதான். இடுப்புத் தண்டின் அடியிலிருந்து ஐந்து வேர்களாகப் புறப்பட்டு, ஒன்றாகச் சேர்ந்து, பிட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்குகிறது. எந்த வேர் அழுத்தப்படுகிறதோ அதற்குரிய இடத்தில் வலி தெரியும். கட்டைவிரல் பக்கம் இழுத்தால் ஒரு வேர், சுண்டுவிரல் பக்கம் இழுத்தால் பெரும்பாலும் அதற்கு அடுத்த வேர். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். இடது கால் போலவே பத்துத் தடவை தூக்க முடிந்தால் அந்தத் தசைக்கு பலம் இருக்கிறது என்று அர்த்தம். தூக்க முடியாமல் மடங்கினால் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

'விலகிவிட்டது' என்ற வார்த்தையே ஆளைப் பாதி சாய்த்துவிடுகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் இந்த ஜவ்வு, கேரம் காய் மாதிரி நழுவி ஓடுவதில்லை. மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டித்தான் இருக்கிறது. நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தோல், உள்ளே குழைவு. ஓர் ஓரத்தில் தோல் கிழிந்தால் உள்ளே இருப்பது பிதுங்கும். அது நரம்பு வேரை அழுத்தும், பக்கத்தில் இருந்தே ரணமாக்கவும் செய்யும். ஆனால் பிதுங்கிய துண்டை உடம்பு சும்மா விடாது. ரத்தத்திலிருந்து வரும் அணுக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கும். பெரிதாகப் பிதுங்கியதுதான் பல பேருக்கு அதிகமாகச் சுருங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி நன்றாகக் குறைய இதுவும் ஒரு காரணம்.

படுத்தே இருக்க வேண்டாம். இதை அனுபவித்துச் சொல்கிறேன். என் இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போது, தூளியிலிருந்து குனிந்து தூக்கினேன். அன்று ராத்திரியே இடது கால் இழுக்க ஆரம்பித்தது. வீட்டுப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, படித்த படிப்பையும் மறந்து, மூன்று வாரம் கட்டிலோடு கிடந்தேன். எழுந்தபோது வலி அப்படியே இருந்தது. மாடிப்படி ஏறத் தொடையில் பலம்தான் இல்லை. அப்புறம் நடக்கப் பழகியதுதான் வைத்தியமாயிற்று. முதலில் வாசலிலிருந்து தெருமுனை வரை, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை.

என் நோயாளிகளிடம் ஒரு பால்பாயின்ட் பேனா கொடுப்பேன். தினமும் சாயங்காலம், வலி எதுவரை வந்ததோ அங்கே காலில் ஒரு கோடு போடச் சொல்வேன். நீங்களும் போடுங்கள். பாயில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். பொறுக்க முடிந்தால் முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். கோடு கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு என்று மேலே ஏறினால் நல்ல சகுனம். அப்போது இடுப்பில் வலி கூடினாலும் பயப்படாதீர்கள். கோடு கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை அன்றோடு நிறுத்திவிடுங்கள். காலை நேராக நீட்டி விரலைத் தொடுவது, தொடையைப் பிடித்து இழுப்பது எல்லாம் இப்போது வேண்டாம். ரணமான நரம்பை இழுத்தால் இன்னும் சீறும்.

வேலையை விடவும் வேண்டாம். முதுகு சாயாத ஸ்டூலில்தான் உட்காருகிறீர்கள் என்று நினைக்கிறேன். சூப்பர்வைசரிடம் கேட்டு சாய்வுள்ள நாற்காலி வாங்குங்கள், இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, பீஸ் கட்டை எடுக்கும் சாக்கிலாவது எழுந்து நில்லுங்கள். ராத்திரி ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள்.

'நரம்பு மாத்திரை' பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரீகாபலின் மாத்திரையை ஆஸ்திரேலியாவில் 209 சியாட்டிகா நோயாளிகளிடம் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. மெஷின் முன்னால் உட்காருகிறவர் நீங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா?
*வாசகர், அந்தியூர்*

எண்ணெய் தேய்த்து இதமாக நீவுவதில் தப்பில்லை. இறுகிய தசை தளரும். ஆயுர்வேதத்தில் இந்த நோய்க்கு 'கிருத்ரசி' என்று பெயர், கழுகு போல் நடக்க வைப்பது என்று பொருள். நோயாளி நடந்து வருவதை உற்றுப் பார்த்தவர்கள்தான் அப்படி வைத்திருக்க முடியும். ஆனால் காலில் மரத்துப்போதலோ பலவீனமோ இருக்கும்போது, முறுக்கிச் சடக்கென்று ஒடிக்கிற வேலை கூடவே கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 68. இரண்டு தெரு நடந்தால் இரண்டு காலும் கனத்து வலிக்கிறது. கோயில் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிறது. ஆனால் சைக்கிளில் ஒரு மணி நேரம் போகிறேன், ஒன்றும் செய்வதில்லை. இது எப்படி?
*வாசகர், கும்பகோணம்*

ஐயா, உங்கள் சைக்கிளே விடை சொல்கிறது. வயதாக ஆக நரம்புகள் போகும் தண்டுக் குழாய் குறுகலாம். நிமிர்ந்து நடக்கும்போது அது இன்னும் சுருங்கும். ஹேண்டில்பாரில் குனியும்போது கொஞ்சம் விரியும். அதனால் திருப்பூர் சகோதரிக்குச் சொன்ன குப்புறப் படுக்கும் பயிற்சி உங்களுக்கு வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது இதமாக இருக்கும். சைக்கிளை விடாதீர்கள். சர்க்கரையோ பீடி, சிகரெட் பழக்கமோ இருந்தால் கால் ரத்தக்குழாயையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதிலும் நடந்தால்தான் வலி வரும்.

ஐடி வேலை, வயது 29. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இரண்டு ஜவ்வு பிதுங்கியிருப்பதாக இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டால் ஒரேயடியாகத் தீருமா?
*வாசகர், சென்னை*

தம்பி, 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். அவர்களில் 64 சதவீதம் பேருக்கு ஜவ்வில் ஏதாவது ஒரு கோளாறு தெரிந்தது. ஆகவே படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். படத்தில் இருக்கும் இடமும் உங்கள் காலில் வலிக்கும் இடமும் பொருந்துகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு நான் எதிரியில்லை. கடுமையான சியாட்டிகாவோடு வந்த 283 பேரை நெதர்லாந்தில் இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்து, 2007-இல் வெளியிட்டார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஆனால் ஒரு வருடம் கழித்து இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷனுக்குத்தான் போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதம் தொங்கவில்லை, பலம் குறையவில்லை, வலியைத் தாங்க முடிகிறது என்றால் காத்திருக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

என் அண்ணன் லாரி ஓட்டுகிறார். ஒரு மாதமாக இடுப்பிலிருந்து கால் வரை வலி. ஒரு நாள் உட்காரும் இடமே மரத்துவிட்டது என்றார், மறுநாள் சிறுநீர் பிரியவில்லை. முதுகு வலிதானே என்று நான்கு நாள் இருந்துவிட்டோம். ஆபரேஷன் முடிந்தும் இன்னும் டியூப்தான். நாங்கள் செய்தது தப்பா?
*வாசகி, நாமக்கல்*

அம்மா, உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை உங்கள் தப்பாக நான் நினைக்கவில்லை. இடுப்புத் தண்டின் உள்ளே நரம்புகள் குதிரைவால் மாதிரி கொத்தாக இறங்குகின்றன. அந்தக் கொத்தே நசுங்கினால் சேணத்தில் உட்காரும் இடம் மரக்கும், சிறுநீர் அடைக்கும், மலம் தெரியாமல் போகும், இரண்டு காலும் தளரும். இதில் ஒன்று புதிதாக வந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஆபரேஷன் நடக்கிறதோ அவ்வளவு நல்லது, கூடுமானவரை முதல் 48 மணி நேரத்துக்குள். உங்கள் அண்ணனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. நரம்பு மெதுவாகத்தான் தேறும், மாதக்கணக்கில் ஆகும். சிறுநீரக டாக்டரிடம், நாமே அவ்வப்போது டியூப் போட்டு எடுக்கும் முறையைப் பற்றிக் கேளுங்கள். எப்போதும் டியூப்போடு இருப்பதைவிட அது பல பேருக்கு நல்லது. லாரி ஓட்டுகிற மற்றவர்களிடமும் இதைச் சொல்லுங்கள் அம்மா.

வலி போய் மூன்று மாதம் ஆகிறது. குடத்தில் தண்ணீர் தூக்கலாமா?
*வாசகி, இராமநாதபுரம்*

தூக்கலாம். பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் 15 கிலோவாவது இருக்கும், அதனால் அரைக் குடத்தில் ஆரம்பியுங்கள். குழாயடியில் குடத்தைத் தரையில் வைக்காமல் முழங்கால் உயரத்தில் ஒரு கல்லின் மேல் வையுங்கள். முழங்காலை மடக்கி, குடத்தை வயிற்றோடு அணைத்து எழுந்திருங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ஒரே பக்க இடுப்பில் ஏற்றாமல் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கெண்டைக்காலில் இழுப்பு இல்லை என்றால் முக்கால் குடம்.