பூனை, நாய், நாய், மீன்... இது தரவா, தகவலா?

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ‘தரவு எப்படித் தகவலாகிறது’ என்ற பகுதியைச் செல்லப்பிராணிகளை வைத்துச் சொல்லித்தர வேண்டும். பதப்படுத்தாத விவரம் தரவு, பதப்படுத்தினால் தகவல் என்று சொன்னேன். அழகாக ஒப்பித்தார்கள். ஆனால் புரிந்த மாதிரி தெரியவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: தவறு உங்களுடையதில்லை டீச்சர், அந்த வரையறையுடையது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் ‘பதப்படுத்துவது’ என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? சரி, டேட்டா என்றே சொல்லிப் பார்ப்போம் என்று நான் ஒரு முறை ஆரம்பித்தேன். “அது மாசக் கடைசியில தீர்ந்துபோகும்” என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. போனில் தீர்ந்துபோகும் டேட்டாதான் அவர்களுக்குத் தெரிந்த டேட்டா.

வரையறையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வியில் தொடங்குங்கள். உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அதன் விடை தேவைப்பட வேண்டும். “வகுப்புச் சுவரில் ஒரே ஒரு பிராணியின் பெரிய படம் வரையப்போகிறோம், எந்தப் பிராணியை வரைந்தால் நிறையப் பேருக்குப் பிடிக்கும்?” என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, தனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பிராணியை அதில் வரையச் சொல்லுங்கள். எல்லாச் சீட்டையும் தரையில் குவியலாகக் கொட்டிவிட்டு, “இப்போது சொல்லுங்கள், எதை வரையலாம்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நாய் பிடித்த பிள்ளை நாய் என்று கத்தும், பூனை பிடித்தது பூனை என்று கத்தும். கொஞ்ச நேரம் கத்தட்டும், நீங்கள் உதவிக்குப் போகவே கூடாது. இந்தக் குவியலைப் பார்த்து விடை சொல்ல முடியவில்லையே என்று அவர்களுக்கே தட்டுப்பட வேண்டும். யாராவது ஒரு பிள்ளை உட்கார்ந்து நாய்ச் சீட்டையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்க ஆரம்பிக்கும் பாருங்கள், பாடம் நடப்பது அந்த நொடியில்தான்.

அப்புறம் வகைவகையாக வரிசையில் அடுக்கலாம், எண்ணலாம். 24 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பூனை 9, நாய் 8, மீன் 4, கிளி 2, முயல் 1. “பூனையைப் பிடித்தவர்கள்தான் நம் வகுப்பில் அதிகம்” என்று ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் அது தகவல். தனித்தனிச் சீட்டு ஒவ்வொன்றும் தரவு. இதற்குமேல் வரையறை எதற்கு?

ஆனால் இங்கே நிறுத்திவிடாதீர்கள், பலரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். அதே சீட்டுகளை வைத்து இன்னொரு கேள்வி கேளுங்கள்: நான்கு கால் பிராணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர்? பூனை, நாய், முயல் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடும், விடை 18. சீட்டு மாறவில்லை, கேள்வி மாறியதும் வேறொரு தகவல் கிடைத்தது. கடைசியாக, “யார் வீட்டில் இருக்கும் பிராணிக்கு வயது அதிகம்?” என்று கேளுங்கள். எவ்வளவு அடுக்கினாலும் அந்தச் சீட்டுகளில் அதற்கு விடை இல்லை, மறுபடி கேட்டுத்தான் திரட்ட வேண்டும். இருக்கும் தரவு எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லாது என்பது நிறையப் பெரியவர்களுக்கே பிடிபடாத விஷயம்.

கேள்வி: வகுப்பில் ‘உன்னிடம் எத்தனை செல்லப்பிராணிகள்?’ என்று கணக்கெடுத்தோம். சிலரிடம் ஒன்றுமே இல்லை, ஒருவனிடம் 14 மீன்கள்! பிராணி இல்லாதவர்களை விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. பூஜ்ஜியமும் தரவுதான். அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், “உன் பூஜ்ஜியம் இல்லாவிட்டால் நம் கணக்கு தப்பாகிவிடும்” என்று சொன்னால் போதும், சட்டென்று அதற்கு ஒரு பெருமை வந்துவிடும். இன்னொன்று: அன்றைக்கு வராத பிள்ளையின் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அங்கே பூஜ்ஜியம் போடாதீர்கள். ‘இல்லை’ வேறு, ‘கேட்கவில்லை’ வேறு.

பதினான்கு மீன் வைத்திருப்பவன்தான் சுவாரசியமான ஆள். பத்துப் பிள்ளைகளின் விடை இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 0, 0, 0, 1, 1, 1, 1, 2, 2, 14. கூட்டினால் 22, சராசரி 2.2. ‘ஒரு பிள்ளைக்குச் சராசரியாக இரண்டுக்கு மேல் பிராணிகள்’ என்று கரும்பலகையில் எழுதினால் கணக்குப்படி சரி, ஆனால் பத்தில் ஒன்பது பேரிடம் இரண்டுக்கு மேல் கிடையாது. ஒரு மீன் தொட்டி மொத்த வகுப்பையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்த வயதில் சராசரி வேண்டாம் என்பது என் கருத்து. ‘அதிகம் பேர் சொன்ன எண் எது?’ என்று கேளுங்கள், ஒன்று என்று வரும், அதுதான் முகடு. இல்லையென்றால் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிற்கவைத்து நடுவில் நிற்பவர்களைக் கேளுங்கள், அங்கேயும் ஒன்றுதான். மீன்காரன் வரிசையின் கடைசியில் சமர்த்தாக நிற்பான், யாருடைய கணக்கையும் கெடுக்க மாட்டான்.

கேள்வி: எந்தப் பிராணி எத்தனை என்று படங்களாலேயே காட்டும் படவிளக்கப்படம் ஒன்றை என் மகன் வரைந்தான். அதில் ஒரே ஒரு முயல்தான், ஆனால் அது மூன்று பூனைகளைவிட உயரம். திருத்தலாமா, விட்டுவிடலாமா?

பதில்: முயலைத் திட்டாதீர்கள், கட்டம் போட்ட தாளைக் கொடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பிராணி, எல்லா வரிசையும் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். வேண்டுமென்றால் முதலில் அந்தப் படத்தையே வீட்டில் வேறு யாரிடமாவது காட்டி “எது அதிகம்?” என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள், முயல் என்று விடை வந்தால் அவனே திருத்திவிடுவான். பட்டை விளக்கப்படத்தை ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1786-ல் அச்சிட்ட காலத்திலிருந்தே கண்ணுக்கு நீளம்தான் எண்ணிக்கை, பட்டை பூஜ்ஜியத்தில் தொடங்காவிட்டால் பெரியவர்களும் ஏமாறுவார்கள். அப்படியே எண்ணும்போது போடும் நேர்க்கோட்டுக் குறிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஐந்து கோடு நிறுத்திவிட்டு அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு போட்டு அதை ஐந்து என்று எண்ணும் பிள்ளைகள் நிறைய. நான்கு நிற்க வேண்டும், ஐந்தாவது படுக்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் கணினி இல்லை. தரவுத்தளம் என்பதை எப்படிக் காட்டுவது?

பதில்: தரவுத்தளம் என்றால், வேண்டியதைச் சட்டென்று தேடி எடுக்கும்படி ஒழுங்காகப் பிரித்து வைத்த தரவுதான். அதைக் காட்ட எட்டுப் படங்கள் போதும். நாய், பூனை, முயல், வெள்ளெலி, கிளி, புறா, ஆமை, மீன். ஒரு பிள்ளை மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்க வேண்டும். ‘நாயா? பூனையா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஏழு கேள்வி வரைக்கும் போகலாம். ‘உடம்பில் முடி உண்டா?’ என்று கேட்டால் ஒரே அடியில் நான்கு படங்கள் விலகிவிடும். முடி உண்டு என்றால், ‘முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்குமா?’ முயலும் வெள்ளெலியும் ஒரு பக்கம், நாயும் பூனையும் மறுபக்கம். முடி இல்லை என்றால், ‘இறகு உண்டா?’ மூன்றாவது கேள்வியில் பிராணி கையில். எட்டுக்கு மூன்று கேள்வி, பதினாறுக்கு நான்கே நான்கு. ‘அழகாக இருக்குமா?’ என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். தடுக்காதீர்கள். ஒருவர் ஆம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார், ஆளுக்கு ஆள் விடை மாறும் கேள்வியை வைத்துப் பிரிக்க முடியாது என்று சண்டை போட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் நாய்க்கு வயதாகிவிட்டது. எட்டு வயது மகளுக்கு அவன் என்றால் உயிர். அவள் அவனைப் பற்றி ஏதாவது குறித்துவைத்தால் பிரயோஜனமாக இருக்குமா, இல்லை வெறும் விளையாட்டுதானா?

பதில்: நிச்சயம் பிரயோஜனம், கால்நடை மருத்துவரே கேட்கக்கூடிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். நாய் நன்றாகத் தூங்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதை 30 விநாடிக்கு எண்ணச் சொல்லுங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைவைக்க வேண்டாம், எழுந்துவிடுவான். இரட்டித்தால் ஒரு நிமிடத்துக்கான எண். தூங்கும் நாய்க்கு இது பொதுவாக 30-க்குள் இருக்கும்.

ஒரு வாரம் அவள் எழுதியது 10, 9, 11, 10, 19, 9, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டித்தால் 20, 18, 22, 20, 38, 18, 20. இப்போது அந்த 38 என்ன? பயந்துபோய் உடனே மருத்துவரிடம் ஓடுவதா, அழித்துவிடுவதா? இரண்டும் வேண்டாம், “அன்றைக்கு எப்போது எண்ணினாய், அவன் என்ன செய்துகொண்டிருந்தான்?” என்று கேளுங்கள். ஓடி விளையாடிவிட்டு வந்து படுத்த உடனே எண்ணியிருக்கலாம், கனவில் காலை உதறிக்கொண்டிருந்திருக்கலாம். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் நேரமும் ‘ஆழ்ந்த தூக்கம்’, ‘கனவு’ என்று ஒரு சொல்லும் எழுதச் சொல்லுங்கள். ஒற்றை எண் ஒன்றும் சொல்லாது, ஏழு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் அவனுக்கு வழக்கம் எது, வழக்கத்தை மீறியது எது என்று தெரியும்.

ஆழ்ந்த தூக்கத்திலும் எண்ணிக்கை திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால், அல்லது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்போது தூக்கத்தில் விடும் மூச்சு வேகமாகும், வெளியே வேறு எதுவும் தெரியாத கட்டத்திலேயே இது தெரிந்துவிடலாம். ஆனால் மகளிடம் இதையெல்லாம் கொட்டிப் பயமுறுத்த வேண்டாம். “நீ எழுதியதை டாக்டர் படிப்பார்” என்று மட்டும் சொல்லுங்கள், எழுத்துகூட அழகாகிவிடும்.

கேள்வி: பூனைக்கு மைக்ரோசிப் போட்டோம். தொலைந்துபோனால் போனிலேயே எங்கே இருக்கிறது என்று பார்க்கலாமா என்று மகன் கேட்கிறான்.

பதில்: முடியாது. இது பெரியவர்களுக்கும் இருக்கும் குழப்பம். அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது, இருக்கும் இடத்தைச் சொல்லும் வசதியும் கிடையாது. வழக்கமாக அதில் இருப்பது 15 இலக்க எண் ஒன்றுதான். வருடியை (ஸ்கேனரை) அருகில் கொண்டுபோனால் எண்ணைக் காட்டும். உங்கள் பெயர்கூட அதில் இல்லை.

தரவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. பூனையைக் கண்டெடுத்தவர் அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார், வருடியில் 15 இலக்கம் தெரிகிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடி, அதற்கு நேரே உங்கள் தொலைபேசி எண்ணைப் பார்த்தால்தான் ‘இந்தப் பூனை இவர்களுடையது’ என்ற தகவல் பிறக்கிறது. வீட்டிலேயே விளையாடிப் பார்க்கலாம்: பொம்மைகளுக்கு எண் எழுதி ஒட்டுங்கள், எந்த எண் யாருடையது என்ற பட்டியலை வேறு அறையில் வையுங்கள். பட்டியலைப் பார்க்காமல் பொம்மையை உரியவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள், தவிப்பான். பட்டியலை அவன் கையில் கொடுத்த பிறகு, அதில் ஒரு பெயரை வேண்டுமென்றே மாற்றி எழுதி வைத்துவிட்டு மறுபடி விளையாடுங்கள். எண் சரியாகவே இருக்கும், பொம்மை மட்டும் தப்பான ஆளிடம் போய்ச் சேரும்.

விளையாடி முடித்ததும், சிப் போட்ட நாளுக்குப் பிறகு நீங்கள் போன் எண்ணையோ வீட்டையோ மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். மாற்றியிருந்தால் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இன்றைக்கே அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.