ஒரு நாட்டுக்காகச் செய்த போர்க்கால இலகு டாங்கிகள் வேறு நாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டால், அவை கடைசியில் எங்கே போயின என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கிருக்கும் ஒரே தகுதி, இந்த விஷயத்தில் நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன் என்பதுதான்.

எனக்குச் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் டாங்கி மாடல் ஒட்டுவது பொழுதுபோக்கு. சில வருடங்களுக்கு முன் மார்மன்-ஹெரிங்டன் என்ற குட்டி டாங்கியைச் செய்து முடித்து, ஜாவாவில் டச்சுக்காரர்கள் ஓட்டியது என்று எழுதி, பின்னால் இரண்டு தென்னை மரமும் நட்டுப் படம் போட்டேன். எந்தப் பழைய புகைப்படத்தைப் பார்த்துச் செய்தேனோ, அதையும் கூடவே போட்டதுதான் வினை. ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, ஜாவாவுல எப்பண்ணே பனி பெஞ்சுது?" பின்னணியில் வெள்ளையாகத் தெரிந்ததை நான் மேகம் என்று நினைத்திருந்தேன். அது அலாஸ்கா மலை.

ஜாவாவுக்குப் போக வேண்டியது அலாஸ்காவுக்கு எப்படிப் போயிற்று என்று தேடப் போய்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. என் தொழிலில் தினமும் பார்ப்பதுதான் இது: மேனிஃபெஸ்ட் என்கிற சரக்குப் பட்டியலில் இருக்கும் எண்ணிக்கை ஒன்று, கப்பலிலிருந்து இறங்கிய எண்ணிக்கை வேறொன்று. ஷார்ட் லேண்டிங் என்போம். பெட்டி காணாமல் போகாது, எங்கேயோ இறங்கியிருக்கும். எங்கே என்பதுதான் கேள்வி. டாங்கிக்கும் அதே கணக்குதான். எத்தனை ஆர்டர், எத்தனை வந்து சேர்ந்தது, மிச்சம் எங்கே?

டச்சுக்காரர்களின் கணக்கையே எடுத்துக்கொள்வோம், இதைவிடச் சிக்கலான கணக்கு நான் பார்த்ததில்லை.

இன்றைய இந்தோனேசியா அன்று டச்சுக் காலனி. அதன் காலனிப் படை முதலில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியிடம் 73 இலகு டாங்கிகள் கேட்டது. கொஞ்சம் போய்ச் சேர்ந்தது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டதும், அனுப்பாமல் இருந்த ஏறத்தாழ ஐம்பது டாங்கிகளை பிரிட்டிஷ் ராணுவமே எடுத்துக்கொண்டு உள்நாட்டில் பயிற்சிக்கு வைத்துக்கொண்டது. இவற்றைத் தேடுவது சுலபம். ஏனென்றால் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அவற்றுக்கு "டச்சுமேன்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டியிருப்பது மாதிரி. பக்கத்து வீட்டு டம்ளர் நம் வீட்டு அலமாரியில் எத்தனை வருடம் இருந்தாலும், திருப்பிப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். எல்லா டாங்கிக்கும் இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை.

1940 மே மாதம் நெதர்லாந்து ஜெர்மனியிடம் விழுந்தது. காலனியிடம் எண்ணெய் இருந்தது, ரப்பர் இருந்தது, காசும் இருந்தது. விற்கத்தான் ஆள் இல்லை. அமெரிக்காவின் பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் தங்கள் ராணுவத்துக்கும் பிரிட்டனுக்கும் செய்வதிலேயே மூழ்கிக் கிடந்தன. கை ஓய்ந்திருந்தது இண்டியானாபொலிஸ் நகரத்து மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி. ஃபோர்டு லாரிகளுக்கு நான்கு சக்கர இயக்கம் பொருத்தித் தருவது அதன் பிழைப்பு. அமெரிக்க மரைன் படைக்குச் சின்னச் சின்ன டாங்கிகள் செய்த முன் அனுபவமும் கொஞ்சம் உண்டு. டச்சுக்காரர்கள் அங்கே மூன்று ரகமாக அறுநூறு வாக்கில் டாங்கிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். லாரிப் பட்டறையில் போய் அறுநூறு டாங்கி. அவசரத்துக்குப் பாவமில்லை என்றாலும், எனக்கு இன்றும் இது திகைப்புதான்.

மூன்றில் சிறியது சி.டி.எல்.எஸ். ஏழெட்டு டன், இரண்டே பேர், ஆயுதம் மெஷின் கன் மட்டும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. டரட் என்கிற சுழலும் மேற்கூடு நடுவில் இல்லை, ஒரு ஓரமாக இருக்கும். மறு ஓரத்தில் ஓட்டுநரின் தலைக்கூண்டு முட்டிக்கொண்டு நிற்பதால், டரட்டால் முழு வட்டம் சுற்ற முடியாது. இதற்கு அவர்கள் கண்டுபிடித்த தீர்வு: பாதி டாங்கிகளுக்கு டரட்டை இடப்பக்கமும் மீதிப் பாதிக்கு வலப்பக்கமும் வைத்து, ஜோடி ஜோடியாக ஓட்டச் சொல்வது. ஒன்றுக்குத் தெரியாத பக்கம் மற்றதுக்குத் தெரியும். நல்ல தாம்பத்தியம். ஆனால் தேடுபவனுக்கு இந்தக் குறையே வரம். மங்கலான படமாக இருந்தாலும், டரட் ஒரு ஓரமாக ஒதுங்கி, மறு ஓரத்தில் ஓட்டுநர் கூண்டு முட்டிக்கொண்டு நின்றால் அது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஜாவா விழுவதற்குள் போய்ச் சேர்ந்தவை சொற்பம். 1942 மார்ச் 2 அன்று சூபாங் ஊரில் ஜப்பானியர்மேல் நடத்திய எதிர்த்தாக்குதலில் பழைய விக்கர்ஸ்களோடு ஒரு சில மார்மன்-ஹெரிங்டன்களும் போயின. டாங்கிகள் ஊருக்குள் புகுந்தன, பின்னால் வர வேண்டிய காலாட்படையால் தொடர முடியவில்லை, திரும்பிவிட்டார்கள். ஒரே வாரத்தில் காலனியே சரணடைந்தது.

போய்ச் சேராதவற்றில் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவில் இறங்கியது. டாங்கியே இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர்கள் அவற்றை வைத்துப் பயிற்சி நடத்தினார்கள். இன்னொரு பகுதி, எழுபது சொச்சம், தென் அமெரிக்காவின் சூரினாமுக்குப் போனது. ஏன் சூரினாம் என்று நான் வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: அதுவும் டச்சுக் காலனி. ஐரோப்பாவில் நாடு போய், ஆசியாவில் காலனி போய், அவர்கள் கொடி பறக்க மிஞ்சிய மண் அந்தப் பக்கம்தான். அமெரிக்க விமானங்களுக்கான அலுமினியத்துக்கு பாக்சைட் அங்கிருந்துதான் பெருமளவு போய்க்கொண்டிருந்தது என்பதால் அதைக் காக்க வேண்டியும் இருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால் கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர், மாறவில்லை, துறைமுகம் மட்டும் மாறியது. டாங்கி வந்த அளவுக்கு அங்கே ஓட்ட ஆள் இல்லை என்பது வேறு கதை.

சரி, என் அலாஸ்கா டாங்கி? இதையும் "ஜாவாவுக்குப் போக வேண்டிய டச்சு டாங்கி, அமெரிக்கா பிடுங்கிக்கொண்டது" என்று அடக்கமாகத் திருத்தி எழுதினேன். அதுவும் தப்பு. அதே ரகத்தில் 240 டாங்கிகளை, அமெரிக்கா நட்பு நாடுகளுக்குக் கொடுத்த லெண்ட்-லீஸ் உதவியில், சீனாவுக்கென்று தனியாக ஆர்டர் போட்டிருந்தார்கள். சீனர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு அமெரிக்க ராணுவத்துக்கு எந்தத் தகரம் கிடைத்தாலும் போதும் என்ற நிலை. எடுத்து, டரட் இருக்கும் பக்கத்தைப் பொறுத்து டி14, டி16 என்று பெயர் மாற்றி, அலாஸ்காவுக்கும் அலூசியன் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். ஆக, நான் தென்னை மரத்தடியில் நிறுத்தியது ஜப்பானை எதிர்த்துச் சீனாவில் நின்றிருக்க வேண்டிய டாங்கி.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். உருவத்தை வைத்து ரகத்தைக் கண்டுபிடிக்கலாம், முதலில் வாங்க நினைத்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்கு உடம்பில் எழுதியிருக்கும் எண் வேண்டும். அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட வண்டி என்றால் டபிள்யூ எழுத்தோடு பதிவெண் இருக்கும். பிரிட்டிஷ் டாங்கி என்றால் டி எழுத்தில் தொடங்கும். எண் தெரிந்தால் ஒப்பந்தப் பட்டியலில் வரிசையைத் தேடலாம். எண் தெரியாத படத்தை வைத்து முடிவு கட்டுபவர்களுக்குத் தென்னை மரம்தான் கதி.

மற்ற இரண்டு பெரிய ரகங்களின் கதி இன்னும் பரிதாபம். மூவர் ஓட்டும் சி.டி.எம்.எஸ்., நால்வர் ஓட்டும் எம்.டி.எல்.எஸ். பெரியதில் 37 மி.மீ. பீரங்கி இரண்டை ஒரே டரட்டில் ஜோடியாக வைத்திருந்தார்கள். அமெரிக்க ராணுவம் சோதித்துப் பார்த்து, நம்ப முடியாத வண்டி, எஞ்சினுக்குப் பலம் போதாது, ஆயுதமும் சரியில்லை என்று கையை விரித்துவிட்டது. மூவர் ரகத்தில் 30 மட்டும் லத்தீன் அமெரிக்காவுக்குப் போயின: ஈக்வடாருக்கு 12, கியூபாவுக்கு 8, குவாதமாலாவுக்கு 6, மெக்சிகோவுக்கு 4. ஜாவாக் காட்டுக்குச் சொன்ன டாங்கி ஆண்டிஸ் மலை நாட்டில் அணிவகுப்பு போனது இப்படித்தான்.

தேடும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது பெயர். மார்மன்-ஹெரிங்டன் என்று தேடினால் முதலில் வந்து விழுவது தென்னாப்பிரிக்காவில் செய்த கவச கார்கள். ஃபோர்டு லாரியின் அடிச்சட்டத்தில் இந்தக் கம்பெனியின் இயக்கப் பாகங்களைப் போட்டுச் செய்ததால் அந்தப் பெயர். அந்தக் கார்களும் கொஞ்சம் அதே நேரத்தில் ஜாவாவுக்கே வந்து சேர்ந்தன. "ஜாவாவுக்கு மார்மன்-ஹெரிங்டன் இத்தனை" என்று எங்காவது எண்ணிக்கை பார்த்தால், காரா டாங்கியா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது, ஒரே வண்டியை மூன்று முறை எண்ணுவது. ஜாவாவில் பிடிபட்டதை ஜப்பானியர் ஓட்டினார்கள், 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் இந்தோனேசியச் சுதந்திரப் போராளிகள் கைக்கு வந்தது. மூன்று படம், மூன்று கொடி, டாங்கி ஒன்றாகவே இருக்கலாம்.

ஐரோப்பாவிலும் இந்தக் கூத்து நடந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செக் நாட்டுத் தொழிற்சாலையில் சுவீடன் 90 டாங்கிகள் கேட்டிருந்தது. 1940இல் ஜெர்மனி அவற்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. பதிலாக, வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சுவீடனுக்கு உரிமம் கிடைத்தது. ஸ்கானியா-வாபிஸ் கம்பெனி இருநூறுக்கும் மேல் செய்தது. இருபது வருடம் கழித்து அவற்றின் அடிப்பாகத்தைச் சிப்பாய்களை ஏற்றும் கவச வண்டியாக மாற்றிவிட்டு, கழற்றிய டரட்டுகளை விமான தளங்களைச் சுற்றி மண்ணில் புதைத்துக் காவல் கூண்டாக்கினார்கள். ஒரு டாங்கியைத் தேடிப் போனால் இரண்டு பதில் கிடைக்கும். லிதுவேனியா 21 கேட்டிருந்தது; டாங்கி தயாராவதற்குள் நாட்டையே சோவியத் விழுங்கிவிட்டது. அவை ஸ்லோவாக்கியாவுக்கு விற்கப்பட்டன.

கடைசியாக, நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நடந்தது. எங்கள் பெரிய தாத்தா ரங்கூனில் கணக்கு எழுதியவர், 1942இல் ஆயிரமாயிரம் பேரோடு நடந்து வந்தவர். புரோம் ரோட்டில் வெள்ளைக்காரன் டாங்கி வரிசையாக வந்து எல்லாரையும் ஓரங்கட்டியதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். பர்மாவில் ஏது டாங்கி, கிழவர் அளக்கிறார் என்று சிரித்திருக்கிறோம். அளக்கவில்லை. மத்திய கிழக்கிலிருந்து 7வது கவசப் படையணி, அமெரிக்க ஸ்டூவர்ட் டாங்கிகளோடு, கிழக்கே மலாயாப் பக்கம் போகக் கப்பலேறியிருந்தது. சிங்கப்பூர் கைவிட்டுப் போனதால் ரங்கூனுக்குத் திருப்பப்பட்டு, 1942 பிப்ரவரி 21 அன்று அங்கே இறங்கியது. பின்வாங்கும் படைக்கு வழிநெடுக அவைதான் காவல்.

மே மாதம் பர்மாவின் சின்ட்வின் ஆற்றங்கரையை அடைந்தபோது டாங்கிகளை அக்கரை சேர்க்க வழியில்லை. எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு, இறுகி நிற்கும்வரை ஓடவிட்டு, கெடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்றை மட்டும் படகில் ஏற்றி எப்படியோ கடத்திவிட்டார்கள். அதன் பெயர் "ஸ்காட்லாந்தின் சாபம்", சீட்டுக்கட்டில் டைமண்ட் ஒன்பதுக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர். பிறகு அது 7வது லைட் கேவல்ரி கைக்கு வந்தது. 1784இல் மதராஸ் குதிரைப்படையாகத் தொடங்கிய அதே ரெஜிமென்ட். அவர்கள் டரட்டைக் கழற்றிவிட்டு, அதைத் தளபதி வண்டியாக்கி, மறுபடி பர்மாவுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அதனால் பழைய படங்களில் அதைத் தேடுகிறவர்கள் தலை இல்லாத ஸ்டூவர்ட்டைத் தேட வேண்டும். என் அடுத்த மாடல் அதுதான். டரட் ஒட்டும் வேலை மிச்சம், பனியா மேகமா என்ற சண்டையும் வராது.