மகனுக்கு ரக்பி, அம்மாவுக்கு வயிற்றில் நெருப்பு

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, சிட்னியில் எச்எஸ்சி (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறான். ரக்பி லீக்கில் ஃபார்வர்ட், அதாவது மோதி முன்னேறும் ஆட்டக்காரன். ஒரு கிளப்பின் 19 வயதுக்குட்பட்டோர் அணித் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கப் போகிறானாம். ரக்பி லீக் வீரர் சாம் பர்ஜெஸ்தான் அவனுக்குத் தெய்வம். போன ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, காரில் வரும்போது ஸ்கோர் என்ன என்று மூன்று தடவை கேட்டான். கோச்சிடம் சொல்லாதே என்று கெஞ்சுகிறான். என்ன செய்வது?
– ஓர் அம்மா, வென்ட்வொர்த்வில்

பதில்: சகோதரி, உங்கள் கடைசி மூன்று வரிகளைப் படித்ததுமே, இதழ் வரும்வரை பொறுக்காமல் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். மற்ற பெற்றோருக்காக இங்கேயும் சொல்கிறேன். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் நேரே ஆஸ்பத்திரி. கோச்சுக்கு நீங்களே போன் போடுங்கள். மகன் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும். முதல் அடி ஆறுவதற்குள் மூளைக்கு இன்னோர் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, அறிகுறி எதுவுமில்லாமல் 14 நாள் போன பிறகுதான் மோதல் பயிற்சி. போட்டிக்கு அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள். அதற்குள் தேர்வு வந்தால் போகட்டும்.

பர்ஜெஸைக் காட்டி வாதாடுவான், பாருங்கள். ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லின் 2014 இறுதியாட்டத்தில், முதல் மோதலிலேயே எதிரணியின் ஜேம்ஸ் கிரஹாமோடு முட்டி பர்ஜெஸின் கன்ன எலும்பு உடைந்தது. வீங்கிய கண்ணோடு தொடர்ந்து ஆடினார். 43 வருஷம் கழித்து அவருடைய சவுத் சிட்னி அணிக்குக் கோப்பை, அவருக்குச் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம். எனக்கும் பிரமிப்புதான். ஆனால் கன்ன எலும்பை ஒட்டவைக்கலாம், மூளையை முடியாது. அதோடு, 2019-ல் தோள்பட்டைக் காயத்தால் 30 வயதிலேயே அவர் ஓய்வுபெற்றதையும் மகனுக்குச் சொல்லுங்கள். அதே வருஷம்தான் இன்னொரு வீரர் பால் கேலனும் விடைபெற்றார், 38 வயதில். அவரும் ஃபார்வர்ட்தான்.

ஃபார்வர்டின் வேலை அப்படி. ஓடிவந்து எதிரணிச் சுவரில் மோத வேண்டும். விழுந்ததும் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்ட வேண்டும். பந்து கைமாறினால், ஒவ்வொரு டாக்கிளுக்கு (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது) பிறகும் பத்து மீட்டர் பின்வாங்கி, மறுபடி முன்னே பாய வேண்டும். இதை யார் உடம்பு எத்தனை வருஷம் தாங்கும் என்று 17 வயதில் எவராலும் சொல்ல முடியாது.

ஆட்டத்தைத் தடுக்காதீர்கள். எச்எஸ்சியை மட்டும் முடிக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதன்பின் பகுதிநேரப் படிப்போ எலக்ட்ரீஷியன் பயிற்சியோ, எதுவானாலும் சரி. ஒப்பந்தம் வந்தால், காயத்தில் ஒரு சீசன் போனாலும் சம்பளம் உண்டா, ஆபரேஷன் செலவு யாருடையது என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் என்ஆர்எல் அங்கீகாரம் பெற்றவர்தானா என்றும் பாருங்கள்.

தலையில் அடிபட்டதைச் சொன்னதும் அந்த கிளப்பில் யாராவது முகம் சுளித்தால், வேறு கிளப் தேடுங்கள்.