திக்கும் கேமுக்குப் புது கார்டா?

கேள்வி: கன்சோலில் வழுக்கிக்கொண்டு ஓடும் கேம் ஒன்றை கம்ப்யூட்டருக்கு வாங்கினேன். புது இடத்துக்குள் நுழைந்தால், புது எதிரி வந்தால், அரை நொடி உறைந்து நிற்கிறது. எல்லா செட்டிங்கையும் 'லோ'வுக்கு இறக்கியும் அப்படியேதான். இருப்பது 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. பெரியதாக வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பர்ஸை உள்ளே வையுங்கள்.

கார்டுக்குச் சுமை தாங்கவில்லை என்றால் கேம் முழுக்க மந்தமாக ஓடும். செட்டிங்கை இறக்கினால் வேகம் கூடும். உங்களுக்குக் கூடவில்லையே! நின்ற இடத்துக்கே இன்னொரு முறை போய்ப் பாருங்கள். இரண்டாம் முறை நிற்கவில்லை என்றால், அது பெரும்பாலும் ஷேடர் கம்பைல் ஆவதால் வரும் திக்கல். ஒளி, நிழல், தீ எல்லாம் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் குட்டி புரோகிராம்தான் ஷேடர். அதைக் கார்டுக்குப் புரியும் மொழிக்கு மாற்றுவது கம்பைல்.

ஒரு கன்சோல் மாடலில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சிப். அதனால் ஷேடர்களை முன்பே கம்பைல் செய்து கேமோடு கொடுத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் கார்டும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஆளுக்கு ஆள் வேறு. கம்பைல் உங்கள் மெஷினில்தான் நடந்தாக வேண்டும். ஒழுங்காகச் செய்த போர்ட் (கன்சோல் கேமைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது), மெனு திரையிலேயே ஒரு பட்டையை ஓடவிட்டு இதை முடித்துக்கொள்ளும். அரைகுறை போர்ட், எதிரி கையில் தீ பறக்கும்போதுதான் அந்தத் தீக்கான ஷேடரைக் கம்பைல் செய்யவே உட்காரும். 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம்) வர ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும். உங்கள் அரை நொடியில் 30 ஃபிரேம் போச்சு. இது பிராசஸரின் வேலை. கார்டு அதுவரை சும்மா காத்திருக்கும், எத்தனை பெரிய கார்டாக இருந்தாலும்.

போன இடத்திலேயே திரும்பத் திரும்பத் திக்கினால் கதை வேறு. பெரும்பாலும் கார்டின் மெமரி நிரம்பி, டெக்ஸ்ச்சர்கள் (பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) மெயின் ராமுக்கும் கார்டுக்கும் அலைகின்றன. மற்ற செட்டிங்கைப் பழையபடி ஏற்றிவிட்டு, 'டெக்ஸ்ச்சர்' ஒன்றை மட்டும் இறக்கி வையுங்கள். நிழல், புல், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கிப் படத்தைப் பாழாக்க வேண்டாம்.

ஷேடர் திக்கலைக் கொஞ்சம் குறைக்கலாம். என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் (கம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் இடம்) அளவை 10 ஜிபி ஆக்குங்கள். கேமை முடிக்கும்வரை அவசியமில்லாமல் டிரைவரை அப்டேட் செய்யாதீர்கள். செய்தால் பழைய கேஷ் செல்லாது, திக்கல் முதலிலிருந்து வரும். இதற்கு மேல் உங்கள் கையில் ஒன்றுமில்லை. மீதியை பேட்சில் (கேமுக்கான திருத்த அப்டேட்டில்) சரிசெய்ய வேண்டியது போர்ட் செய்தவர்கள்.

அவர்கள் எப்போது செய்வார்கள்? பணம் திரும்பப் போகும்போது. 2015 ஜூனில் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' 30 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் போகவிடாத பூட்டோடும் ஏகப்பட்ட திக்கலோடும் கம்ப்யூட்டருக்கு வந்தது. கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி வந்ததும் அதே மாதம்தான். சில நாட்களிலேயே விற்பனையை நிறுத்திவிட்டு, அக்டோபர் கடைசியில்தான் மறுபடி விற்றார்கள்.

ஸ்டீமில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், ரீஃபண்ட் கேளுங்கள். ஷேடர் பட்டை ஓடும் நேரமும் அந்த 2 மணி நேரக் கணக்கில் சேரும், ஜாக்கிரதை. அடுத்த முறை, கேம் வாங்கியதும் அறிமுக வீடியோக்களைத் தாண்டி நேராக ஒரு சண்டைக்குப் போய்விடுங்கள். திக்குகிறதா இல்லையா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.